காரணம் கேட்கும் உரிமை

(கழகத்தின் வெள்ளிவிழாக் கருத்தரங்கில் பழங்காநத்தத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெள்ளிவிழாவுக்குத் தலைமையாசிரியர் ஒருவரை அழைத்தால் அவர் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுவார் என்றே எல்லோரும் எதிர்பார்ப்பர். ஆனால் செயலாளர் அவர்கள் எனக்கு அளித்த தலைப்பு "பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்களும் மக்கள் உரிமையும்" என்பதாகும். நான் வழக்கறிஞன் அல்லேன். பி.ஏ., பி.எட். படித்துவிட்டு முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு வரலாறும் குடிமையியலும் கற்பித்து வருபவன். இத்தலைப்பை ஏற்றுக்கொண்டதற்கு ஒரு பழைய நிகழ்ச்சியே காரணம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இக்கழகம் தோன்றுவதற்குச் சற்று முந்திய காலம். நான் இளம் ஆசிரியன். ஒரு நாள் மாலை, சுமை தூக்கிப் பிழைக்கும் பெரியவர் ஒருவர் ஒரு தாள்கட்டைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்தார். அவருடைய மகனைக் குண்டர் சட்டத்தில் அடைத்துவிட்டார்கள். பையன் உத்தமன் என்று நான் சொல்ல வரவில்லை, கைநீளக்காரன், சண்டைக்காரன். ஆனால் தகப்பனார் கேட்டது அவன் நல்லவனா கெட்டவனா என்பதை அன்று. "வாத்தியாரய்யா, உள்ள தூக்கிப் போட்டதுக்கு என்ன காரணம்னு இதுல எழுதியிருக்காம். படிச்சுச் சொல்லுங்க" என்றார். தாள்களைப் புரட்டினேன். சில பக்கங்கள் தமிழில் இருந்தன. பல பக்கங்கள் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தன. படியெடுத்ததில் மை பரவிப்போய், எழுத்தா கறையா என்று தெரியாத பக்கங்களும் இருந்தன. அகராதியை வைத்துக்கொண்டு இரவு பத்து மணி வரை உட்கார்ந்தேன். பாதிக்கு மேல் எனக்கே விளங்கவில்லை. பட்டம் பெற்ற என் நிலையே அது என்றால், கைநாட்டு வைக்கும் அவர் நிலை என்ன?

அந்தப் பெரியவர் கேட்ட கேள்வியே இன்றைய உரையின் பொருள். அரசு ஒருவரைப் பிடித்து அடைக்கும்போது "என்ன காரணம்?" என்று கேட்கும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது, அது எப்போதெல்லாம் தேய்ந்தது, பயங்கரவாதத்தை ஒடுக்குகிறோம் என்ற பெயரில் அதற்கு என்ன நேர்ந்தது என்பவற்றை எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

ஆட்சித்துறை என்றால் என்ன என்பதை இளைஞர்களுக்காக ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். சட்டம் இயற்றுவது ஒரு துறை; வழக்கைத் தீர்ப்பது ஒரு துறை; இவ்விரண்டுக்கும் நடுவே அன்றாடம் ஆணை பிறப்பித்துக் காரியத்தை நடத்துகிற அமைச்சர், செயலாளர், மாவட்ட ஆட்சியர், காவல் ஆணையர் ஆகியோரைக் கொண்டதே ஆட்சித்துறை. நானும் அதன் கடைசிப் படியில் நிற்பவன்தான். ஒரு மாணவனின் மாற்றுச் சான்றிதழில் நடத்தை என்ற இடத்தில் நான் எழுதும் ஒரு சொல் அவனுடைய வாழ்க்கைப் பாதையையே அடைத்துவிடக் கூடும். கோபத்தில் அப்படி எழுதத் துடித்த நாள்களும் உண்டு. காரணத்தைக் கோப்பில் எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்ற விதி பலமுறை என் கையைத் தடுத்திருக்கிறது. எழுத உட்காரும்போதுதான், எழுதும்படியான காரணம் நம்மிடம் இல்லை என்பது நமக்கே புலனாகிறது.

இனி, நம்மைப் போன்றதொரு கல்விச் சங்கத்தின் கதைக்கு வருகிறேன். பழைய சென்னை மாகாணத்தில் மக்கள் கல்விச் சங்கம் என்ற ஓர் அமைப்பு இருந்தது. நம் கழகத்தைப் போலவே முறைப்படி பதிவு செய்யப்பட்டது. அறிவியல் அறிவையும் சமூக அறிவையும் பரப்புவது, அரசியல் கல்வி அளிப்பது, கலையும் நாடகமும் வளர்ப்பது என்பனவே அதன் விதிகளில் எழுதப்பட்டிருந்த நோக்கங்கள். அதன் பொதுச் செயலாளர் வி.ஜி. ராவ் என்னும் பாரிஸ்டர். 1950 மார்ச் 10ஆம் நாள் சென்னை அரசாங்கம் ஓர் ஆணை பிறப்பித்தது. அச்சங்கம் சட்டத்தின் நிர்வாகத்தில் குறுக்கிடுவது, பொது அமைதிக்கு ஆபத்தானது, ஆகவே அது சட்ட விரோதமான சங்கம் என்று அந்த ஆணை அறிவித்தது. எந்தச் செயலால் ஆபத்து, எந்த நாளில் எந்தக் கூட்டத்தில் என்ன நடந்தது என்ற விவரம் ஒன்றும் அதில் இல்லை. பின்னர் வழக்கு வந்த பிறகே, தடை செய்யப்பட்டிருந்த கம்யூனிஸ்டுக் கட்சிக்குச் சங்கத்தின் பணம் உதவியது என்று அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் கூறியது.

இந்த ஆணைக்கு அடிப்படையாக இருந்த சட்டம் 1908இல் வெள்ளைக்காரன் தன்னை எதிர்த்த புரட்சிச் சங்கங்களை நசுக்குவதற்காகச் செய்தது. அதையே 1950இல் நம்மவர்கள் திருத்திக் கூர்தீட்டிக்கொண்டார்கள். அதன்படி, அரசாங்கம் ஆபத்து என்று கருதினால் போதும். சங்கத்திற்குத் தனியே அறிவிப்பு அனுப்ப வேண்டியதில்லை. அரசிதழில் அச்சிட்டால் போதும். அரசிதழ் படிக்கும் வழக்கம் இங்கே எத்தனை பேருக்கு உண்டு? நேற்று வரை சந்தா கட்டிய உறுப்பினர் இன்று காலை குற்றவாளியாக எழுந்திருப்பார், தமக்கே தெரியாமல். மேல்முறையீடு என்று பார்த்தால், ஓர் அறிவுரைக் குழு உண்டு. அது காகிதங்களைப் பார்க்கும். சங்கத்தார் நேரில் சென்று வாதாட இயலாது.

வி.ஜி. ராவ் புதிய அரசியலமைப்புச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சென்னை உயர் நீதிமன்றத்திற்குச் சென்றார். சங்கம் அமைக்கும் உரிமை குடிமகனின் அடிப்படை உரிமை என்று வழக்குத் தொடுத்தார். அவ்வாண்டு செப்டம்பரில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அச்சட்டப் பிரிவு செல்லாது என்றது. அரசாங்கம் உச்ச நீதிமன்றம் சென்றது. 1952 மார்ச் 31ஆம் நாள், தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரியின் தலைமையில் அமைந்த உச்ச நீதிமன்றமும் அரசின் முறையீட்டைத் தள்ளியது. உரிமையைக் கட்டுப்படுத்தலாம், ஆனால் அக்கட்டுப்பாடு நியாயமானதா என்பதை அரசாங்கமே தனக்குத்தானே தீர்மானித்துக்கொள்ள இயலாது என்பது அத்தீர்ப்பின் சாரம். எந்த உரிமை பறிக்கப்படுகிறது, எந்தத் தீமையைத் தடுப்பதற்காக, அத்தீமை எவ்வளவு பெரியது, எடுத்த நடவடிக்கை அதற்கு ஏற்ற அளவுடையதா என்றெல்லாம் நீதிமன்றம் எடை போட்டுப் பார்க்கும் என்று சொல்லப்பட்டது. கருத்து விளக்கமும் எதிர்வாதமும் கேட்கப்படாமல், அரசின் மனநிறைவு ஒன்றையே ஆதாரமாகக் கொண்ட தடை நியாயமாகாது என்று முடிந்தது. இன்றும் இந்திய நீதிமன்றங்களில் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு அது. ஒரு கல்விச் சங்கத்தின் வழக்கில் பிறந்தது என்பதை நம் உறுப்பினர்கள் அறிந்திருக்க வேண்டும் என்றே இவ்வளவு விரித்துரைத்தேன்.

சங்கத்திற்குக் கிடைத்த இந்தக் காவல் உடலுக்குக் கிடைக்கவில்லை. குடியரசு பிறந்து ஒரு மாதம் முடிவதற்குள்ளாகவே, 1950 பிப்ரவரியில், தடுப்புக் காவல் சட்டம் வந்துவிட்டது. குற்றம் செய்தவனைத் தண்டிப்பது வேறு; செய்யக்கூடும் என்று கருதி முன்னதாகவே அடைத்து வைப்பது வேறு. பின்னதே தடுப்புக் காவல். கம்யூனிஸ்டுத் தலைவர் ஏ.கே. கோபாலன் அச்சட்டத்தின்படி சென்னை மாகாணச் சிறையில் வைக்கப்பட்டபோது உச்ச நீதிமன்றம் சென்றார். 1950 மே 19ஆம் நாள் பெரும்பான்மை நீதிபதிகள் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தனர். நீதிபதி ஃபசல் அலி மாறுபட்டு எழுதினார். ஆனால் அச்சட்டத்தில் 14ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. காவலுக்கான காரணங்களைக் காவலில் இருப்பவர் நீதிமன்றத்திடம்கூட வெளியிடக் கூடாது. வெளியிட்டால் குற்றம் என்பது அப்பிரிவு. காரணம் தெரியும், ஆனால் நீதிபதியிடம் சொல்லக் கூடாதாம்! அந்தப் பிரிவை மட்டும் நீதிமன்றம் வெட்டி எறிந்தது.

இங்கே ஒரு கேள்வி எழும். நம் தலைவர் டாக்டர் அம்பேத்கர் வரைந்த அரசியலமைப்பில் விசாரணையின்றி அடைப்பதற்கு இடம் எப்படி வந்தது என்று இளைஞர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இதற்கு மழுப்பாமல் விடை சொல்லியாக வேண்டும். வாழ்வுரிமைப் பிரிவில் "உரிய சட்ட நெறிமுறை" என்ற வலுவான சொற்றொடர் முதலில் இருந்தது. அது நீக்கப்பட்டு, "சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை" என்ற மெலிந்த சொற்றொடர் புகுத்தப்பட்டது. இதனால் நாடாளுமன்றம் எந்த நடைமுறையையும் எழுதிக்கொள்ளலாம் என்ற ஐயம் உறுப்பினர்களிடையே பரவியது. அந்த இழப்பை ஓரளவு ஈடுசெய்யவே 1949 செப்டம்பர் 15ஆம் நாள் அம்பேத்கர் அரசியல் நிர்ணய மன்றத்தில் ஒரு புதிய பிரிவைக் கொண்டுவந்தார். அதுவே இன்றைய 22ஆவது பிரிவு. கைது செய்யப்பட்டவருக்குக் காரணம் சொல்லப்பட வேண்டும். வழக்கறிஞரைக் கலந்துகொள்ள உரிமை உண்டு. 24 மணி நேரத்திற்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பவை அதில் உள்ளன. தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவருக்கோ இவை பொருந்தா. அவருக்குக் கிடைப்பது, காரணங்களைத் தெரிந்துகொள்ளும் உரிமையும், அதற்கு மறுப்பு எழுதி அனுப்பும் உரிமையும், மூன்று மாதங்களுக்கு மேல் அடைக்க வேண்டுமானால் நீதிபதித் தகுதியுடையோர் அமர்ந்த அறிவுரைக் குழு பார்க்க வேண்டும் என்ற பாதுகாப்புமே. இது போதாது என்று அன்றே மன்றத்தில் கடுமையாகக் கண்டித்தவர்கள் உண்டு. போதாது என்பதே என் எண்ணமும். தலைவர் கொண்டுவந்தார் என்பதற்காகக் குறையை நிறை என்று சொல்வது அவருடைய மாணவர்களுக்கு அழகன்று.

இந்தக் குறையைச் சிறிதளவு திருத்தும் முயற்சி ஒருமுறை நடந்தது. நெருக்கடி நிலைக் காலத்தை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். 1975 ஜூன் முதல் 1977 மார்ச் வரை மிசாச் சட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் அடைக்கப்பட்டார்கள். தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31இல் ஆட்சி கலைக்கப்பட்டதும் கைதுகள் பெருகின. சென்னை மத்தியச் சிறையில் அரசியல் கைதிகள் அடிபட்டார்கள். அவ்வாண்டு ஏப்ரல் 28இல் உச்ச நீதிமன்றம், நெருக்கடி நிலையின்போது ஆட்கொணர்வு மனுவே போட இயலாது என்றது. ஐந்து நீதிபதிகளில் எச்.ஆர். கன்னா ஒருவரே மறுத்தார். தமக்கு வர வேண்டிய தலைமை நீதிபதிப் பதவியை அதனால் இழந்தார். பட்ட பாட்டை நினைத்து, 1978இல் நாடாளுமன்றம் 44ஆவது திருத்தத்தை நிறைவேற்றியது. உயிருக்கும் உடலுக்கும் உள்ள உரிமையை எந்த நெருக்கடியிலும் நிறுத்திவைக்கக் கூடாது என்றது. தடுப்புக் காவலின் மூன்று மாதத்தை இரண்டு மாதமாகக் குறைத்து, அறிவுரைக் குழுவின் அமைப்பையும் சீர்செய்தது. முன்னது நடைமுறைக்கு வந்தது. பின்னது எந்த நாளிலிருந்து நடைமுறைக்கு வரும் என்பதை அரசு அறிவிக்க வேண்டும் என்று விடப்பட்டது. அந்த நாள் இன்றுவரை அறிவிக்கப்படவில்லை! எத்தனையோ கட்சிகள் தில்லியில் மாறி மாறி அமர்ந்துவிட்டன. 1981இல் உச்ச நீதிமன்றத்தில் முறையிட்டுப் பார்த்தார்கள். நாளைக் குறிக்கும்படி அரசை எங்களால் கட்டாயப்படுத்த இயலாது என்று சொல்லிவிட்டது. மக்கள் மன்றம் எழுதிய திருத்தத்தை ஆட்சித்துறை மேசை அறையில் வைத்துப் பூட்டிவிடலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இனிப் பயங்கரவாதம் என்ற சொல்லுக்கு வருவோம். அந்தத் தீமை கற்பனை அன்று. 1991 மே 21இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியும் அவரைச் சுற்றி நின்ற எளிய மக்களும் சிதறிப்போனதை நாம் அறிவோம். 1998 பிப்ரவரி 14இல் கோவையில் வெடித்த குண்டுகளில் 58 பேர் மாண்டனர். கடைவீதிக்குப் போனவர்களும் கூலிக்குப் போனவர்களும் திரும்பி வரவில்லை. இத்தகைய கொடுமையைத் தடுக்க அரசுக்கு அதிகாரம் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த அதிகாரம் யாருக்குக் கணக்குக் காட்டுகிறது என்பதே கேள்வி.

1985இல் பஞ்சாப் நிலைமையை ஒட்டித் தடாச் சட்டம் வந்தது. காவல் அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலம் சான்றாகாது என்பது நம் நாட்டுச் சாட்சியச் சட்டத்தின் பழைய நெறி. அடித்து வாங்கியதா, தானே சொன்னதா என்று தெரியாதே! அந்த நெறியை, வெள்ளைக்காரன் காலத்திலேயே ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்த அந்த நெறியை, 1987இல் மீண்டும் இயற்றப்பட்ட தடா புரட்டிப் போட்டது. கண்காணிப்பாளர் நிலையில் உள்ள காவல் அதிகாரி பதிவு செய்தால் வாக்குமூலம் செல்லும் என்றது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் என்ன நடந்தது என்று பாருங்கள். 1998 ஜனவரி 28இல் பூந்தமல்லித் தனி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு என்றது. 1999 மே 11இல் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைச் சிறையிலிருந்து வெளியே அனுப்பியது. நால்வருக்குத் தூக்கை உறுதி செய்து, மூவருக்கு அதை ஆயுளாகக் குறைத்தது. இது தடாச் சட்டத்தின்கீழ் வரும் பயங்கரவாதக் குற்றமே அன்று என்றும் அத்தீர்ப்பு கூறியது. ஆயினும் தடாவின்கீழ் வாங்கிய வாக்குமூலங்கள் கொலைக் குற்றத்திற்குச் சான்றாக நின்றன. குற்றம் சட்டத்தை விட்டு வெளியேறியது. அச்சட்டம் கொடுத்த கருவி மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது. பத்தொன்பது வயதில் பிடிபட்ட பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரியே, ஓய்வுபெற்ற பிறகு, 2013இல், மின்கலம் எதற்காக என்று தமக்குத் தெரியாது என அவர் சொன்னதைத் தாம் எழுதாமல் விட்டதாகக் கூறினார். தூக்கு ஆயுளாகி, 2022 மே 18இல் அவர் விடுதலையானபோது வயது ஐம்பதைக் கடந்திருந்தது. எழுதாமல் விட்ட ஒரு வாக்கியம்! நான் ஆசிரியன், விடைத்தாளில் ஒரு வரி விட்டுப்போனால் மறுகூட்டல் உண்டு. அங்கே அது கிடைக்க இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின.

தடா 1995இல் காலாவதியானது. 2001இல் அமெரிக்காவிலும் நம் நாடாளுமன்றத்திலும் நடந்த தாக்குதல்களுக்குப் பிறகு பொடா வந்தது. 2002 மார்ச் 26இல் இரு அவைகளையும் ஒன்றாகக் கூட்டி நிறைவேற்றினார்கள். இச்சட்டம் யாரைத் தொட்டது என்று அறிய நாம் தில்லிக்குப் போக வேண்டியதில்லை. இந்தப் பழங்காநத்தத்தில் பேருந்து ஏறினால் திருப்பரங்குன்றம், திருநகர் தாண்டி ஒரு மணி நேரத்திற்குள் திருமங்கலம். அங்கே 2002 ஜூன் 29இல் நடந்த பொதுக்கூட்டத்தில் வைகோ பேசினார். தடை செய்யப்பட்ட இயக்கத்தை ஆதரித்துப் பேசினார் என்று வழக்கு. ஜூலை 11இல் வெளிநாட்டிலிருந்து திரும்பிய அவர் சென்னை விமான நிலையத்திலேயே கைதானார். ஏறத்தாழ பத்தொன்பது மாதங்கள் வேலூர்ச் சிறையில் இருந்தார். நம் மதுரைக்காரரான பழ. நெடுமாறனும் அவ்வாண்டு ஆகஸ்டில் அதே சட்டத்தில் உள்ளே போனார். அவர்களுடைய கருத்து உங்களுக்கு உடன்பாடாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அது இன்றைய பொருள் அன்று. மேடையில் ஒலிபெருக்கி முன் நின்று பேசிய பேச்சு, வெடிகுண்டு வைப்பதற்கு ஈடாக எண்ணப்பட்டது என்பதே பொருள். 2003 டிசம்பர் 16இல் உச்ச நீதிமன்றம் பொடாவைச் செல்லும் என்று சொல்லிவிட்டு, பயங்கரவாதச் செயலுக்குத் துணைபோகும் எண்ணம் இல்லாமல் வெறும் தார்மிக ஆதரவு தெரிவிப்பது குற்றமாகாது என்று விளக்கம் தந்தது. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அச்சட்டத்தைக் கொண்டுவந்த கூட்டணியில் அன்று வைகோவின் கட்சியும் இருந்தது. பிறருக்கென்று செய்த விலங்கு யார் கைக்குப் பொருந்தும் என்பதை விலங்கு செய்பவர் அறிவதில்லை.

பொடா 2004இல் நீக்கப்பட்டது. ஆனால் அதன் பெரும்பகுதி, 1967ஆம் ஆண்டிலிருந்து இருந்துவந்த சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்திற்குள், அதாவது ஊபாவுக்குள், அதே ஆண்டில் குடிபுகுந்தது. காவல் அதிகாரியிடம் அளிக்கும் வாக்குமூலம் செல்லும் என்ற கொடுமை மட்டும் அதில் இடம்பெறவில்லை; அதுவரை நன்று. 2008 நவம்பரில் மும்பை தாக்கப்பட்ட பிறகு பிணையின் கதவை ஏறக்குறைய அடைத்துவிட்டார்கள். குற்றச்சாட்டு மேலோட்டமாகப் பார்க்கையில் உண்மை போலத் தோன்றினாலே பிணை இல்லை. அரசுத் தரப்பின் தாள்களைப் பார்த்தே அத்தோற்றம் அளக்கப்படுகிறது. குற்றப் பத்திரிகை தாக்கல் செய்ய 180 நாள்கள் வரை எடுத்துக்கொள்ளலாம். 2019இல் வந்த திருத்தமோ, அமைப்பை மட்டுமன்றித் தனி மனிதர் ஒருவரையும் பயங்கரவாதி என்று மைய அரசே அறிவிக்கலாம் என்கிறது. வழக்கு வேண்டியதில்லை, தீர்ப்பு வேண்டியதில்லை. வி.ஜி. ராவின் சங்கத்திற்கு 1950இல் நேர்ந்தது இப்போது ஒற்றை மனிதருக்கு நேரலாம்.

திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்த ஸ்டேன் சுவாமி என்னும் பாதிரியார் ஜார்க்கண்டில் பழங்குடி மக்களிடையே வாழ்நாளைக் கழித்தவர். பீமா கோரேகான் வழக்கில் 2020 அக்டோபர் 8ஆம் நாள் ராஞ்சியில் கைதானார். அவருக்கு நடுக்குவாத நோய். குவளையைப் பிடித்து நீர் அருந்தக் கை நிற்காது. உறிஞ்சுகுழல் ஒன்று வேண்டும் என்று நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியிருந்தது. பிணை மனு நிலுவையில் இருக்கும்போதே 2021 ஜூலை 5இல், 84ஆவது வயதில், காவலில் இருந்தபடியே மருத்துவமனையில் உயிர் நீத்தார். அவர் குற்றவாளியா இல்லையா என்று எந்த நீதிமன்றமும் இனிச் சொல்லப்போவதில்லை. அதே வழக்கில் அறிஞர் ஆனந்த் டெல்டும்டே, அம்பேத்கரின் பேத்தியை மணந்தவர், 2020 ஏப்ரல் 14ஆம் நாள் சரணடைந்தார். என்ன நாள் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பம்பாய் உயர் நீதிமன்றம் 2022 நவம்பரில் அவருக்குப் பிணை வழங்கியபோது, பயங்கரவாதச் செயல் புரிந்தார் என்பதற்கு மேலோட்டமான ஆதாரமும் இல்லை என்று கருதியது. அவர் வெளியே வந்த நாள் நவம்பர் 26, அரசியலமைப்பு நாள். இவ்விரு நாள்களுக்கும் இடையே முப்பத்தொரு மாதங்கள். வழக்கு விசாரணை முடிந்து குற்றமற்றவர் என்று ஆனாலும் அந்த மாதங்களைத் திருப்பிக் கொடுக்கும் அலுவலகம் எங்கும் இல்லை.

பயங்கரவாதம் என்று எதை அழைப்பது என்பதும் ஆட்சித்துறையின் கையிலேயே இருக்கிறது. 1997 ஜூன் 30இல் நம் மாவட்டத்து மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் மற்றும் ஐந்து பேரும் பட்டப்பகலில் பேருந்தை மறித்து வெட்டப்பட்டார்கள். ஒதுக்கப்பட்ட தொகுதியில் நம்மவர் எவரும் இனி வேட்புமனு போடக் கூடாது என்ற அச்சத்தை ஊர்தோறும் விதைப்பதற்காகச் செய்த கொலை அது. மக்களின் ஒரு பிரிவினரிடையே பேரச்சம் விளைவிப்பது என்று இன்றைய ஊபா சொல்லும்போது என் நினைவுக்கு வருவது மேலவளவுதான். எவரும் அதைப் பயங்கரவாதம் என்று அழைக்கவில்லை. சாதாரணக் கொலை வழக்காகவே நடந்து, 17 பேர் ஆயுள் தண்டனை பெற்றனர். 2019 நவம்பரில் அவர்களுள் 13 பேரை அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது. கடுமையான சட்டம் வந்தால் நமக்குப் பாதுகாப்பு என்று எண்ணும் நம் இளைஞர்கள், பூட்டும் சாவியும் திறக்கும் சாவியும் ஒரே கையில் இருப்பதை இதில் காணலாம். அவ்வழக்கை ஊபாவில் போட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சாதாரணச் சட்டமே ஒழுங்காக நடந்தால் போதும் என்பதே என் எண்ணம்.

ஆகவே, காரணத்திற்கே திரும்பி வருகிறேன். காரணம் சொல்லப்பட வேண்டும் என்றால் எந்த மொழியில்? 1960களின் இறுதியில் ஒரிசாவிலிருந்து ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. ஆங்கிலம் அறியாதவரிடம் பல பக்கங்களில் ஆங்கிலத்தில் காரணத்தைக் கொடுத்துவிட்டு, வாயால் மொழிபெயர்த்துச் சொன்னோம் என்றால் அது தெரிவித்ததாகாது என்று தீர்ப்பாயிற்று. பின்னர் குஜராத்திலிருந்து வந்த வழக்கிலும் அவ்வாறே. நம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில், 2004 ஜூலையில் அது தொடங்கியது முதல், குண்டர் சட்ட ஆணைகள் எத்தனையோ ரத்தாகியிருக்கின்றன. மொழிபெயர்ப்புத் தரவில்லை, கொடுத்த படி படிக்க முடியாதது, மறுப்பு மனுவைப் பார்க்கக் காலம் தாழ்த்தினார்கள் என்பவையே பெரும்பாலும் அதற்குக் காரணங்கள். 2024 மே 15இல் உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே சென்று, ஊபாவில் கைதானவருக்கும் கைதுக்கான காரணத்தை எழுத்து வடிவில் கொடுத்தாக வேண்டும் என்றது. எழுபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் ராவின் சங்கத்திற்குக் கொடுக்கப்படாத அந்தத் தாள், இப்போது கொடுக்கப்பட வேண்டும்.

குண்டர் சட்டம் பயங்கரவாதச் சட்டம் அன்று. அது 1982ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம். ஆனால் ஊபாவைவிட அதுவே நம் தெருக்களுக்கு அடிக்கடி வருவது. ஆதலால் அதன் நாள்கணக்கு நம் இளைஞர்களுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். ஆட்சியரோ காவல் ஆணையரோ போடும் ஆணையைப் பன்னிரண்டு நாள்களுக்குள் மாநில அரசு ஏற்க வேண்டும். மூன்று வாரத்திற்குள் அறிவுரைக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். காவலில் வைத்த நாளிலிருந்து ஏழு வாரத்திற்குள் அக்குழு தன் கருத்தைச் சொல்ல வேண்டும். அங்கே வழக்கறிஞர் வாதாட இயலாது. ஆகையால் எழுதி அனுப்பும் மறுப்பே உங்கள் வாய். அதை நன்றாக எழுதத் தெரிந்த ஒருவர் தெருவுக்கு ஒருவராவது இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! கட்டணமின்றி வழக்கறிஞர் பெறுவதற்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு உண்டு. காவலில் இருப்போரும் பட்டியல் சாதியினரும் வருமானக் கணக்கின்றி அதைக் கேட்டுப் பெறலாம். பலர் இதைக் கேட்பதே இல்லை.

அந்தப் பெரியவரின் மகனைப் பற்றிச் சிலர் இதற்குள் எண்ணியிருப்பீர்கள். அப்போது மதுரைக் கிளை கிடையாது. சென்னைக்குத்தான் போயாக வேண்டும். தாம் சுமை தூக்கும் இடத்துத் தோழர்களிடம் கைம்மாற்று வாங்கிக்கொண்டு அவர் இரண்டு முறை போய் வந்தார். மை பரவிய பக்கங்களையே வழக்கறிஞர் முதலில் எடுத்துக்கொண்டாராம். ஏழாவது மாதத்தில் ஆணை ரத்தாயிற்று. பையன் வெளியே வந்தபோது தகப்பனார் படுக்கையில் இருந்தார். இன்று அவன் நாற்பதைத் தாண்டிய குடும்பஸ்தன். அவனுடைய மகள் நம் கழகத்தின் மாலை வகுப்பில் படிக்கிறாள். அந்தத் தாள்கட்டில் படிக்க முடியாத இரண்டு பக்கங்களைப் பெரியவர் என்னிடமே விட்டுச் சென்றார். அவற்றை இன்று கொண்டுவந்திருக்கிறேன். நூலகப் பொறுப்பாளரிடம் ஒப்படைக்கிறேன். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு, 22ஆவது பிரிவின் தமிழ் வடிவத்தையும் ஒரு மாதிரி மறுப்பு மனுவையும் வைத்துக்கொண்டு இதே கூடத்தில் இருப்பேன். விருப்பமுள்ளோர் எழுதுகோலும் குறிப்பேடும் கொண்டு வரவும்.